நானே கட்டிய பெட்டி

என் கணவருக்குப் பித்தப்பையில் கல். துபாயில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இருபத்தாறு வருடமாக அங்கே தனியாகச் சமைத்து, தனியாகக் காய்ச்சலில் படுத்து, தனியாக எழுந்தவர். இந்த ஒரு தடவையாவது பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சரி, வா என்று சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆனது. விசாவும் டிக்கெட்டும் போனிலேயே வந்துவிட்டன. மிச்சமிருந்தது நானும் என் இங்கிலீஷும்தான்.

அறந்தாங்கியில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் லைனிங், ஹூக், அப்புறம் ஊர்ப் பெண்களின் அளவுகள். விமானத்தில் ஏறியதே இல்லை. அவரை வழியனுப்பத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடிக் கதவோடு என் பயணம் முடிந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று இருபத்தாறு வருடம் நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

பாடம் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, வீடியோ காலில். வேலை முடிந்து குளித்துவிட்டு அவர் கவுண்டர் ஆபீசராக உட்கார்ந்துவிடுவார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "குட் மார்னிங், மேடம். பாஸ்போர்ட் ப்ளீஸ்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருமுறைகூட அந்த ஆள் மேடம் என்று கூப்பிட்டதில்லை. முதல் நாள் சிரித்தே பாதி நேரம் போனது. இரண்டாம் நாளிலிருந்து சண்டை. வேகமாகப் பேசுகிறீர்கள் என்று நான் கத்த, அங்கே இதைவிட வேகமாகப் பேசுவார்கள் என்று அவர் சொல்ல, போனை வைத்துவிட்டு, பிறகு நானே கூப்பிடுவேன்.

வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் பேட்டர்ன் வெட்டும் காக்கித் தாளில் எழுதி, தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். மிதித்துக்கொண்டே படிப்பேன். அளவு கொடுக்க வந்த ஒரு டீச்சர், கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே சுவரைப் பார்த்துப் படித்து, "விண்டோ ஆர் ஐல்?" என்று கேட்டார்; ஜன்னலோரமா, நடைபாதையோரமா என்று அர்த்தம். "விண்டோ ப்ளீஸ்" என்றேன், வாயில் குண்டூசியோடு. அன்றைக்குத்தான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இரண்டாவது வாரம் பாடத்தில் இரண்டு கேள்வி வந்தது. பெட்டியை நீங்களே கட்டினீர்களா என்பது ஒன்று. அதற்கு யெஸ். வேறு யாராவது எதையாவது கொடுத்துவிட்டார்களா என்பது இன்னொன்று. அதற்கு நோ. அர்த்தத்தைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் தெருவில் யார் வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும் வீட்டுக்கு ஒரு பார்சல் என்று அவர்களிடம் வந்துவிடும். டேப் சுற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதி. பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மரியாதை. என் வீட்டில் அப்போதே ஏழு பார்சல் உட்கார்ந்திருந்தது. இதை வைத்துக்கொண்டு நோ என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். பிறகு தயங்கி, "நான் எல்லாத்தையும் தெறந்து பாத்துருவேன். யாருக்கும் தெரியாம மறுபடி டேப் ஒட்டிருவேன். அங்க கசகசா போதைப்பொருள் கணக்கு, ஒரு சிட்டிகை இருந்தாக்கூட பிடிச்சு உள்ள வச்சுருவாங்க" என்றார்.

கசகசா விஷயம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் திருட்டுத்தனமாகப் பிரித்து ஒட்டுவது என் குணத்துக்கு ஒத்துவராது. பிரிப்பதென்றால் கொடுத்தவர் எதிரிலேயே பிரிப்பேன் என்று ஏழு வீட்டையும் கடைக்கு வரச் சொன்னேன். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தேன். ஊறுகாய், முறுக்கு, கைலி, சளி மருந்து. மருந்துக்கும் அங்கே கெடுபிடி என்பதால் அதை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியாக எதிர்வீட்டு அக்கா. அவர் மகன் அங்கே டிரைவர். பார்சலில் கட்டுமாவடி நெத்திலிக் கருவாடு, அதற்கடியில் நோட்டுத்தாளில் மடித்த ஏதோ ஒன்று. பிரித்தால், ஒரு பால்பல்.

"பேத்திக்கு மொதப் பல்லு விழுந்துச்சு. அவன் பாக்கலைல்ல, அதான்" என்றார் அக்கா. தாளை மறுபடி மடித்துக்கொண்டே, "எங்களயும் நம்பலையாத்தா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், சட்டம் அக்கா, நான் என்ன செய்ய என்றேன். பல்லை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலை திருச்சியில் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனேன். வரிசை நகர்ந்து என் முறை வந்ததும் "குட் மார்னிங். திஸ் இஸ் மை பாஸ்போர்ட்" என்று ஒப்பித்தேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "தனியாவா போறீங்கம்மா?" என்றது. மூன்று வாரச் சண்டையும் வீண் என்று நினைத்தேன்.

பெட்டி எடை மெஷினில் ஏறியது. யாராவது ஏதாவது கொடுத்துவிட்டார்களா என்று அந்தப் பெண் தமிழில்தான் கேட்டது. நோ என்று வாய் வரவில்லை. ஏழு வீட்டில் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன் என்றேன். அது தலையாட்டியது. "மத்ததெல்லாம் நீங்களே கட்டுனதுதானேம்மா?"

"யெஸ்" என்றேன். அந்த வார்த்தை வாயை விட்டுப் போகும்போதேதான் அது நினைவுக்கு வந்தது.

குருமாப் பொடி. அவருக்குப் பிடித்தது. ஆபரேஷன் கவலையில் ஏதோ நினைப்பாக வறுத்து அரைத்து, எவர்சில்வர் டப்பாவில் அடைத்திருந்தேன். சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா. வீட்டுக்கு அரைக்கிற கை, வீட்டுக்கு அரைக்கிற மாதிரியே அரைத்திருந்தது. ஒவ்வொரு லீவு முடிவிலும் அவர் அடுப்படியில் வந்து நின்று, கசகசா போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தத் தடவை சொல்ல ஆளில்லை.

"மை பேக். மை மிஸ்டேக்" என்று என் வாய் தானாகச் சொன்னது. சுவரில் ஒட்டாத இங்கிலீஷ். பெட்டியை இறக்கி, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் குத்தவைத்துத் திறந்தேன். உள்பாவாடை, கருவாடு எல்லாம் தரையில் வந்தன. டப்பாவை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தபோது, அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் கேட்காமல் விண்டோ சீட் கொடுத்தது.

உள்ளே போய் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன். ஏழு பேரையும் சந்தேகப்பட்டேன், கடைசியில் தப்பு என் டப்பாவில்தான் இருந்தது என்று சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எல்லார் பார்சலையும் தெறந்து பாத்துருக்கேன்" என்றார் மெதுவாக. "ஒன் டப்பாவ மட்டும் ஒருநாளும் தெறந்ததில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, தப்பு எங்கிட்டதான்க்கா இருந்துச்சு, பல்லு கைப்பையில பத்திரமா இருக்கு என்றேன்.