லாரிக்குப் பின்னால் ஒரு பாலைவனம்

பெங்களூரில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறேன் என்று நான் சொன்னால், எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். வீடு அடுகோடியில், ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில். நடுவில் ஓசூர் ரோடு. மேம்பாலத்துக்கு டோல் கட்ட எனக்கு மனசு வராது, கீழேயே போவேன். கீழே யாரும் ஓட்டுவதில்லை. முன்னால் நிற்கிற வண்டி நகர்ந்தால் நாமும் நகர்வோம், அவ்வளவுதான். முன்னால் வண்டியே இல்லாத ரோடு என்று ஒன்று உலகத்தில் இருப்பது எனக்குத் தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் ஒரு ஜனவரி மாதம், என் கணவரைக் கூட்டிக்கொண்டு ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் காரிலேயே கிளம்பினேன்.

காரணம் அவருடைய கண். கண்ணில் அழுத்தம் ஏறி, பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும், கதவிடுக்கு வழியாகப் பார்ப்பது போல. “போனது போனதுதான். மிச்சம் இருக்கறத காப்பாத்தப் பாருங்க” என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது, சிக்னலில் நின்றிருக்கையில், இவர் சொன்னார்:

“எனக்கு ஒரு தடவ பாலைவனம் பாக்கணும்.”

“பாலைவனமா? கடல் பாக்கலாம். ஊட்டிக்குப் போலாம்.”

“அங்கெல்லாம் பாக்க நிறைய இருக்கும்மா. எதையாவது விட்டுடுவேன். பாலைவனத்துல ஒண்ணும் இல்லல்ல? எனக்கு இருக்கற கண்ணுக்கு அது போதும்.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் பச்சை சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் “ஹோகி மேடம், ஹோகி!” என்று கன்னடத்தில் போகச் சொல்லிக் கத்தினார். இந்த ஊரில் நிம்மதியாக அழக்கூட விடமாட்டார்கள்.

விமானத்தில் போகலாம் என்றேன். மேகத்தைப் பார்ப்பதற்கு எதற்கு டிக்கெட் என்றார். சரி என்று காரை எடுத்தேன். நான்கு நாட்கள் ஒரு பிரச்சினையும் இல்லை. புனே, அகமதாபாத் எல்லாம் தாண்டினோம். இந்தியாவில் எப்படியும் யாராவது நமக்கு முன்னால் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐந்தாம் நாள் காலை, ராஜஸ்தானில் பார்மர் ஊரைத் தாண்டியதும், திடீரென்று எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் மணல், அங்கங்கே முள்புதர். நடுவில் நேராக ஒரு கறுப்பு ரோடு. அதன் கடைசியில் வானம். என் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்தது. ஓரம் கட்டிவிட்டேன்.

“என்னாச்சு?”

“முன்னாடி யாருமே இல்லைங்க.”

“அதுக்குத்தானே வந்தோம்!”

“எனக்கு இப்படி ஓட்ட வராதுங்க.”

இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. மாதாவே என்று சொல்லிக்கொண்டு, பார்க்க யாருமே இல்லாத ரோட்டில் இண்டிகேட்டரைப் போட்டு, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டேன். உடனே பயம் போய்விட்டது. ஓசூர் ரோட்டுக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் என் கணவருக்கு நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும். நேர் எதிரே லாரி. இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து அந்த மனுஷன் வெயிலுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி வழியாக ஒரு லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முந்திப் போயிடேன்” என்று ஒரு தடவை கேட்டார்.

“அடுத்த வளைவுல போறேங்க” என்றேன். அந்த ரோட்டில் வளைவே கிடையாது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவரோ, “இடது பக்க லைட் ஒடஞ்சிருக்கு. கீழ ஒரு பழைய செருப்பு கட்டித் தொங்கவிட்டிருக்கான்” என்று பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. கால்தான் கேட்கவில்லை.

லாரி டீ குடிக்க நின்றது. நாங்களும் நின்று டீ குடித்தோம். லாரி வேகமெடுத்தது, நாங்களும் எடுத்தோம். மெதுவாகப் போனது, மெதுவாகப் போனோம். மத்தியானம் அது சட்டென்று ஒரு மண்பாதையில் திரும்பியது. முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்பதுதானே நம் ஊர்ச் சட்டம்? நானும் திரும்பினேன். இரண்டு கிலோமீட்டர் புழுதியில் குலுங்கிப் போய், ஓர் ஆட்டுப்பட்டிக்கு முன்னால் லாரி நின்றது. ஆடுகள் எங்கள் காரைச் சூழ்ந்துகொண்டன.

டிரைவர் இறங்கினார். பெரிய மீசை. ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் கணவர் பக்கம் வந்து கைகூப்பி நின்றார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. எங்களை வரி அதிகாரிகள் என்று நினைத்திருக்கிறார். கர்நாடகா நம்பர் பிளேட் மாறுவேடமாம். முக்கியமாக, கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய ஆபீசர் காலையிலிருந்து ஒரு தடவைகூடப் பார்வையைத் திருப்பாமல் தன் வண்டியையே முறைத்துக்கொண்டு வருகிறாராம்.

நான் இறங்கிப் போனேன். என் ஹிந்தி, பிறந்து வளர்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனில் கறிக்கடை பாயிடம் கற்றுக்கொண்டது. அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்க மட்டும் போதுமானது. “பையா, மேரேகு டர் லக்தா” என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது, காலி ரோட்டில் ஓட்டத் தெரியாது, அதனால்தான் உங்கள் பின்னால் வந்தோம் என்று மிச்சத்தைக் கையால் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓர் ஆட்டின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். பிறகு கணவரின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. குனிந்து அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்னிடம், நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று கை காட்டினார்.

அப்படித்தான் போனோம். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் லாரி ஒரு சுவர் மாதிரி நிறைந்திருந்தது. அவ்வப்போது ஹாரன் அடித்தார், இருக்கிறேன் என்பது போல. எதிரே ஒன்றுமே இல்லை. என் கணவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சீட் பெல்ட் இழுபட முன்னால் சாய்ந்து, டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

“எவ்ளோ தூரத்துக்கு ஒண்ணுமே இல்ல, பாரேன்!” என்றார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியவில்லை, கண்ணாடியைப் பார்த்தேன். லாரி இல்லை. தான் போக வேண்டிய பாதையில் திரும்பியிருப்பார். கடைசியாகக் கேட்ட நீளமான ஹாரன் அதற்காகத்தான் போலிருக்கிறது. கால் பிரேக்கைத் தேடிப் போனது.

“அவரு பின்னாடி வர்றாராம்மா?” என்று இவர் திரும்பாமலே கேட்டார்.

“வர்றாருங்க.”

“அப்ப நிறுத்தாத.”

நிறுத்தவில்லை. பயத்திலும் வேறு எதிலுமாக, கண்ணீர் வழிய வழிய ஓட்டினேன். துடைத்துக்கொள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. நான் அவருக்குப் பக்கவாட்டில்தானே உட்கார்ந்திருந்தேன்.