ஜேட்டு டெல்லிக்குப் போன நாள்

கல்கத்தாவின் டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வங்காளி வக்கீல் இருந்தார். தெருக் குழந்தைகள் எல்லோருக்கும் அவர் 'ஜேட்டு', பெரியப்பா முறை. வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்த்த தமிழ்க் குமாஸ்தாவின் மகளான எனக்கும் அப்படித்தான்.

எனக்கு விவரம் தெரிந்தபோது அவர் முனிசிபல் கமிஷனர். ஏழைகளின் குடிசைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அதே ஜேட்டு ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து சண்டைக்கு நின்றபோது அப்பாவுக்குப் பெருமை கொஞ்சம் குறைந்தது.

சண்டை அத்தைக்காக. அத்தை அப்பாவின் தங்கை. பன்னிரண்டு வயதில் கணவனை இழந்தவள். சண்டை நடந்தபோது அவளுக்கு இருபது இருக்கும். ஜேட்டு தன் வீட்டு மாடியில் விதவைப் பெண்களுக்கு வகுப்பு நடத்திவந்தார்.

"இவளை அடுப்படியிலேயே வைத்துக் கிழவியாக்கப் போகிறீர்களா?" என்றார்.

மறுவாரம் அத்தை எதிர்வீட்டு மாடி ஏறினாள், துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு. இரண்டே வருஷத்தில் என்னைவிட நன்றாக வங்காளி எழுதினாள். ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர ஆசைப்பட்டாள். "நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், மா" என்று ஜேட்டு வாக்குக் கொடுத்தார்.

பிறகு அவர் மாகாண சட்டசபைக்கு நின்றார். அந்தக் காலத்தில் சொத்து உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. அவர்களில் பலருக்கு அந்த மாடி வகுப்பு பிடிக்கவில்லை. தேர்தல் முடியட்டும் என்று வகுப்பை நிறுத்தினார். ஜெயித்தார், வகுப்பு திறக்கவில்லை. அடுத்த தடவை டெல்லியிலிருந்த மத்திய சட்டசபைக்கு நின்றபோது மாடிக் கரும்பலகையில் வாக்காளர் பெயர்களை எழுதிவைத்திருந்தார்கள். அதிலும் ஜெயித்தார்.

அவர் டெல்லிக்குக் கிளம்பிய காலையில் தெருவெல்லாம் பனிமூட்டம். வாசலில் மாலையும் சால்வையுமாக ஆண்கள் கூட்டம். அத்தை அங்கே போகமுடியாது. ஒரு கடிதத்தை என் கையில் திணித்து, "பயிற்சிப் பள்ளிக்கு ஒரு வரி சிபாரிசு எழுதித்தரச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவர் கையிலேயே குடு" என்றாள்.

கால்களுக்கு நடுவே புகுந்து போய்க் கொடுத்தேன். ஜேட்டு பிரித்து, நின்று நிதானமாகக் கடைசி வரை படித்தார். பக்கத்தில் நின்ற ஜமீன்தார், "என்ன அது?" என்று எட்டிப் பார்த்தார்.

ஜேட்டு கடிதத்தைச் சட்டென்று மடித்தார். "குழந்தை எனக்கு வாழ்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜமீன்தார் என் கன்னத்தைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜேட்டு மட்டும் என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஓடிவந்து அத்தையிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "இன்னொரு தரம் சொல்லு" என்றாள். சொன்னேன். உள்ளே போய்விட்டாள்.

பதில் வரவில்லை. பயிற்சிப் பள்ளியில் சேரும் காலமும் முடிந்துபோயிற்று. கொஞ்ச நாளில், பெண்கல்விக்காக ஜேட்டு டெல்லியில் பேசிய பேச்சு பத்திரிகையில் வந்தது. அப்பா அதை உரக்கப் படித்தார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அத்தை தலை நிமிரவில்லை.

அவள் எழுதிய கடிதத்துக்கு நான் கைதட்டல் வாங்கிக்கொண்டேனே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து சமாதானம் சொன்னேன்:

"ஜேட்டு வரட்டும் அத்தே. அதை எழுதினது நீதான்னு எல்லார் எதிரேயும் சொல்லிடறேன்."