பம்புப் படகில் ஒரு சிவப்பு கார்பெட்

சிங்காரவேல் அண்ணனிடம் நான் இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன். முதல் முறை, அவருடைய உளியால் பெயின்ட் டப்பா மூடியை நெம்பியதற்காக. இரண்டாவது முறை, எதற்கு அடித்தீர்கள் என்று கேட்டதற்காக. எங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆட்களில் எவனாவது அவரிடம் நான் அடியே வாங்கியதில்லை என்று சொன்னால், அவன் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்திருப்பான்.

அவருக்குத் திருவதிகைப் பக்கம். தச்சு வேலை, வயது நாற்பத்தெட்டு. வடலூர் பஸ் ஸ்டாண்டில், கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறி முடிப்பதற்குள் வண்டியை எடுத்த டிரைவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கியவர். பண்ருட்டிப் பலா மண்டியில் அவர் கடித்த காதுக்கு ஐந்து தையல். கல்யாணமான புதிதில் பெண்டாட்டி சத்யா அக்காவிடமும் ஒருமுறை கை நீட்டினார். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனையைத் தூக்கி வீசியதில் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. வீட்டில் அத்தோடு கை அடங்கிவிட்டது. வெளியில்தான் அடங்கவில்லை.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான், பாய்" என்று அடிக்கடி சொல்வார். பாய் என்றால் நான்தான். பெயர் தாஜுதீன், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஷிப்டுக்கு வந்து போகிற பம்பு ஆபரேட்டர். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். இப்போது யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

சுரங்கத்தின் அடியில் ஊற்று நீரும் மழை நீரும் சேர்ந்து ஏரி மாதிரி நிற்கும். அதை இறைத்து வெளியே தள்ள, ஓர் இரும்புப் படகில் பம்புகளை ஏற்றி மிதக்கவிட்டிருந்தார்கள். நாங்கள் அதை போட்டு என்போம். கரையிலிருந்து அதற்கு ஒரு நடைபலகை, போட்டின் நடுவில் தகரத்தில் ஒரு கேபின். உள்ளே பம்புகளை ஓட்டும் ஸ்விட்ச் பெட்டி, ஒரு பெஞ்சு, ஒரு ஃபேன். எட்டு மணி நேரமும் அதற்குள்தான் எங்கள் பிழைப்பு. தரையும் இரும்பு. சித்திரையில் சுட்டுத் தள்ளும், மார்கழியில் விறைக்கும்.

டவுன்ஷிப்பில் ஒரு விருந்தினர் விடுதியில் டைல்ஸ் ஒட்டுவதற்காகப் பழைய கார்பெட்டைப் பெயர்த்து வெளியே போட்டார்கள். அங்கே கதவு வேலைக்குப் போயிருந்த சிங்காரவேல் அண்ணன் அதைக் கேட்டு வாங்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள் பூ. பம்புத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, இரண்டு நாள் காயப்போட்டு, மூலைக்கு மூலை கத்தியால் அளந்து வெட்டி, பசை தடவிக் கேபின் முழுக்க ஒட்டினார். ஒட்டி முடித்ததும் அதன்மேல் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். இவ்வளவு பெரிய முரடன் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"பாய், இதும்மேல ஆபீசருங்கதான் நடந்துகினு இருந்தாங்க. இனிமே நாம நடக்கப் போறோம். ஆனா ஒருத்தனும் பூட்ஸோட உள்ள வரக் கூடாது. வந்தா கால ஒடிச்சிருவேன்."

எங்களுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. நல்ல விரிப்பு போட்ட இடத்துக்குள் யாராவது செருப்புக் காலோடு நுழைவார்களா? கரண்ட் பக்கம் ரப்பர் அடி பூட்ஸைக் கழற்றாதே, கழற்றாதே என்று பாதுகாப்பு வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் அந்த மஞ்சள் பூவைக் கண்டதும் மறந்துபோயிற்று. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஜெயகணேஷ் பார்வையிட வந்தார். அவரே வாசலில் பூட்ஸை அவிழ்த்து வைத்துவிட்டுச் சாக்ஸோடு உள்ளே போய், "ஜோரா இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வகுமார் வேலைக்குச் சேர்ந்தது புரட்டாசியில். எங்கள் ஊர்ப் பையன்தான், இருபத்தாறு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். ஐப்பசி பிறந்த அன்று மழை. பம்பு திடீரென்று நின்றுவிட்டது. கரையில் நின்றிருந்தவன் பதறிக்கொண்டு ஓடிவந்து, சேற்று பூட்ஸோடு கேபினுக்குள் பாய்ந்து ஸ்விட்சைப் போட்டான். பம்பு ஓடத் தொடங்கியது. திரும்பினான். எதிரே சிங்காரவேல் அண்ணன்.

அறை விழுந்த வேகத்தில் அவன் தலை தகரத்தில் போய் மோதியது. வாயிலிருந்து ரத்தம் வழிந்து கார்பெட்டில் சொட்டியது. அதற்கும் சேர்த்து இன்னொரு அறை.

"நாயே, கண்ணு அவிஞ்சு போச்சா? வூட்ல இப்படித்தான் ஏறுவியா?"

"பம்பு நின்னுடுச்சுண்ணே…"

"பம்பு கெடக்குது. கழட்டு!"

அவன் அங்கேயே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். வாடா, நீயும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாய் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து பூட்ஸ் விஷயத்தில் அவனைப் போல ஒழுங்கானவன் கிடையாது. எங்கள் பூட்ஸ்களையும் சேர்த்து வாசலில் வரிசையாக அடுக்கி வைப்பான்.

இருபத்திரண்டு நாள் போயிற்று. அடைமழை. காலைப் பதினொரு மணிக்கு மண்சரிவில் சேறு வந்து விழுந்து போட்டே ஆடியது. தண்ணீர் கேபினுக்குள் அடித்து, கார்பெட் கஞ்சித் தண்ணீரில் ஊறிய துணி போல ஆகிவிட்டது. பம்பு நின்றது. செல்வகுமார்தான் முதலில் ஓடினான். ஓடியவன் வாசலில் நின்றான். அந்த அவசரத்திலும் உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தான். வெறுங்காலோடு போய் ஸ்விட்ச் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

பெட்டியின் எர்த் ஒயர் துருப்பிடித்து அறுந்து கிடந்ததும் பெட்டியிலேயே கரண்ட் ஏறியிருந்ததும் எங்களில் யாருக்கும் தெரியாது. அவன் கத்தவில்லை. உடம்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது, கை விடவில்லை. மெயினை அணைக்க நான் கரைக்கு ஓடினேன். சிங்காரவேல் அண்ணன் ஒரு காய்ந்த பலகையை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். விடவில்லை. மறுபடியும் அடித்தார். மூன்றாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் கரையில் இருந்த எனக்கே கேட்டது. கை விட்டுப்போய் அவன் அந்த மஞ்சள் பூவின் மேல் விழுந்தான். மூச்சு இல்லை. அண்ணன் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குத்து குத்தென்று குத்தினார். "எழுந்திருடா, எழுந்திருடா" என்று குத்திக்கொண்டே இருந்தார். நான்கு பேர் சேர்ந்துதான் அவரை இழுக்க முடிந்தது.

மூன்றாம் நாள் ஜெயகணேஷ் ஒரு பேப்பர் கொண்டுவந்தார். 'பாதுகாப்புக் காலணி அணியாமல் தன் அலட்சியத்தால்' என்று அதில் எழுதியிருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து சிங்காரவேல் அண்ணனுடையது, இரண்டாவது என்னுடையது. ஆக, செத்தவனே குற்றவாளி. அவன் பெண்டாட்டி விஜயலட்சுமி வேலை கேட்டு வந்தபோது அந்தப் பேப்பரைத்தான் காட்டி, உன் புருஷன் அஜாக்கிரதைக்கு நாங்கள் என்னம்மா செய்வது என்று அனுப்பிவிட்டார்கள். அவளும் அதை நம்பிக்கொண்டு போனாள்.

பிறகு உத்தரவு வந்தது. கேபினில் கார்பெட் கூடாது, கெட்டியான தரை போட வேண்டும். போட ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? சிங்காரவேல் அண்ணனையே கூப்பிட்டார்கள்.

மரம் வெட்டுகிறவன்கூட அவ்வளவு வெறியோடு வெட்டமாட்டான். பசையோடு இரும்பைக் கவ்விக் கிடந்த கார்பெட்டைக் கடப்பாரையால் குத்தினார், கத்தியால் கிழித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு பிய்த்தார். அடியிலிருந்து அழுகிய நாற்றம் வந்தது. துருப்பிடித்த இரும்பு கையை அறுத்து ரத்தம் வடிந்தும் துணி சுற்ற விடவில்லை. சுற்றப் போன என்னைக் காலால் ஓர் உதை உதைத்தார். பிய்த்ததையெல்லாம் கரையில் குவித்து டீசல் ஊற்றிக் கொளுத்தினார். பிறகு துருவைச் சுரண்டி, ரீப்பர் கட்டைகளை போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் தண்ணீரில் உப்பாத கனமான பிளைவுட் அடித்து, எல்லாவற்றுக்கும் மேலே வரிவரியான கறுப்பு ரப்பர் ஷீட் ஒட்டினார். எலெக்ட்ரீஷியன் வந்து புது எர்த் ஒயர் இழுத்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வேலை முடிந்தது. ஜெயகணேஷும் நாங்கள் மூன்று பேரும் பார்க்கப் போனோம். தரை புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. அண்ணன் மூலையில் குனிந்து ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

நாங்கள் நான்கு பேரும் வெறுங்காலோடு நின்றிருந்தோம். எட்டு பூட்ஸ்களும் வாசலில் வரிசையாக இருந்தன. எப்போது கழற்றினேன் என்று எனக்கே நினைவில்லை.

ஒரு நொடிதான். அண்ணன் சுத்தியலை வீசிவிட்டு வந்து ஜெயகணேஷின் கழுத்தைப் பிடித்துத் தகரத்தோடு சேர்த்து நசுக்கினார். ஒரு பூட்ஸை எடுத்து அவர் முகத்திலேயே அடித்தார். மூக்கு உடைந்தது. "போடு! போடுடா! ஒருத்தன் செத்தது போதலியா? போட்டுக்கினு ஏறி மிதிடா!" என்று அடித்துக்கொண்டே இருந்தார். தடுத்த எனக்கும் விழுந்தது. ஜெயகணேஷ் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கத்தினார்:

"உனக்கு பயந்துதான்யா கழட்னோம்! அவனும் உனக்கு பயந்துதான்யா கழட்னான்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பாய், அந்தப் பையன் வூடு உனக்குத் தெரியுமில்ல?"

மறுநாள் காலையில் மேல்பட்டாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் இறங்கினார். வழியெல்லாம் நான் கெஞ்சினேன். சொன்னால் வேலை போகும், போலீசும் வரலாம், செல்வகுமாரின் அண்ணன் வெள்ளைச்சாமி கரும்பு வெட்டுகிற ஆள், சும்மா விடமாட்டான் என்றேன். "வாய மூடிக்கினு வா" என்றார்.

வெள்ளைச்சாமி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். விஜயலட்சுமி உள்ளேயிருந்து வந்து, "வாங்கண்ணா" என்றாள். அண்ணன் உட்காரவில்லை.

"உம் புருசன் மேல தப்பே கெடையாதும்மா. கார்பெட்ட போட்டது நானு. பூட்ஸோட ஏறுனான்னு ரெண்டு அற அறஞ்சேன். அந்த பயத்துலதான் வெறுங்காலோட போனான். பேப்பர்ல பொய்யா கையெழுத்து போட்டேன். நாளைக்கு ஆபீஸ்ல உண்மைய எழுதிக் குடுத்துட்றேன்."

"நானும் எழுதித் தரேம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

வெள்ளைச்சாமி கையிலிருந்த விறகுக் கட்டையோடு பாய்ந்தான். முதல் அடி தோளில், அடுத்தது விலாவில், மூன்றாவது நெற்றியில். சிங்காரவேல் அண்ணனை ஒருவன் அடித்து நான் பார்த்தது அன்றுதான். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தாரே தவிர விழவில்லை. பிடிக்கப் போன என்னை வெள்ளைச்சாமி வேலியில் தள்ளினான். இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தால் கொலைதான்.

"நிறுத்துங்க மாமா" என்றாள் விஜயலட்சுமி. கத்தவில்லை. அண்ணனின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"எந்தக் கன்னத்துலண்ணா அடிச்சீங்க?"

அண்ணன் பின்னாலிருந்து ஒரு கையை எடுத்தார். தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஐப்பசி ஒண்ணாந் தேதி. பல்லு வலின்னு சொன்னாரு. வீங்கிக்கினு இருந்துச்சு. நாந்தான் கிராம்ப நசுக்கி வச்சேன். அப்பவும் பல்லு ஆடிக்கினே இருக்குதேன்னு அன்னைக்கு ராத்திரியே டாக்டருகிட்ட இட்டுக்கினு போனேன். எங்கனா விழுந்தீங்களான்னு டாக்டரு கேட்டாரு. வூட்டுப் படிக்கட்டுல விழுந்தேன்னு இவரு சொன்னாரு." அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தரையோடு தரையாக இருக்கும் ஓட்டு வீடு. "எங்க வூட்ல ஏதுண்ணா படிக்கட்டு? எவ புருசன்கிட்ட அடி வாங்கிக்கினு வந்தியோன்னு நான் கேட்டுட்டேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. தல குனிஞ்சுக்கினாரு. நான் அதான் உண்மைன்னு நெனச்சுட்டேன்."

வெள்ளைச்சாமியின் கையிலிருந்த கட்டை தாழ்ந்தது. அண்ணன் மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சாவற வரைக்கும் இருவத்திரெண்டு நாளு, அவரோட நான் ஒரு வார்த்த பேசலண்ணா."