முசஃபாவில் கேட்ட பறங்கிப் பாஷை

நான் மட்டக்களப்புத் தமிழ்ப்பெண். என் கணவர் அதே ஊரின் பறங்கியர். போர்த்துக்கேயர் கப்பலில் வந்து எங்கள் வாவிக்கரையில் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், டச்சுக்காரர், வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊர்ப் பெண்களைக் கட்டிப் பிள்ளைகுட்டியோடு இருந்துவிட்ட போர்த்துக்கேயரின் பாஷை மட்டும் போகவில்லை. தமிழோடு பழகி, தன் இலக்கணத்தையே மாற்றிக்கொண்டு, தச்சர் கொல்லர் வீடுகளில் தங்கிவிட்டது. என் கணவர் அப்படியொரு கொல்லர் வீட்டுப் பிள்ளை. இப்போது அபுதாபியில், முசஃபாவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வெல்டர்.

என்னோடு அவர் தமிழில்தான் பேசுவார். பறங்கிப் பாஷை ஊரிலிருந்த தன் அண்ணனோடு மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் போனில். அப்போது இவர் வேறு ஆளாகிவிடுவார். குரல் மேலே போகும், தொடையில் தட்டிச் சிரிப்பார். மீன் கழுவிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பெரிதாக ஒன்றும் விளங்காது; ஆனால் அந்த ஏற்ற இறக்கம் காதில் பதிந்துவிட்டது. அண்ணன் மாரடைப்பில் போனபின் எங்கள் அறையில் அந்தச் சத்தம் நின்றுபோனது.

நான் வேலை செய்யும் நர்சரியில் அந்த வருஷம் ஒரு ஆயா புதிதாகச் சேர்ந்தார். மும்பைக்குத் தெற்கே கடலோரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அக்கா என்பதை ஹிந்தியில், தீதி என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் ஹிந்திதான். ஒருநாள் பிள்ளைகள் தூங்கும் நேரம் தீதி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கையிலிருந்த துவாலையை மடிக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணனோடு என் கணவர் பேசிய அதே ராகம்.

"தீதி, இது என்ன பாஷை?"

"எங்க ஊர்ப் பாஷை. போர்த்துகீஸ்காரங்க விட்டுட்டுப் போனது. கொர்லாய்ல மட்டும்தான் பேசுவோம். வெளியில யாருக்கும் தெரியாது."

"என் வீட்டுக்காரருக்குத் தெரியும்" என்றேன். தீதி நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். என் கணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஹிந்தியில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். "சும்மா உங்கட பாஷையில கேளுங்களன்" என்று இவர் காதில் சொன்னேன். தண்ணீர்க் கிளாஸை நீட்டி, கூச்சத்தோடு, "ஆகு?" என்றார்.

தீதி கிளாஸை வாங்கவில்லை. "ஆக்" என்றார். "நாங்க ஆக்னு சொல்லுவோம்."

பிறகு இருவரும் நிறுத்தவில்லை. இவர் 'காஸ' என்று வீட்டைச் சொன்னால் தீதி 'காஸ்' என்றார். எங்கள் சொற்களின் வாலைத்தான் கொர்லாய்க்காரர் கடித்துத் தின்றுவிட்டார்கள் என்றார் இவர். விளங்காத இடங்களில் கையைக் காட்டினார்கள், ஹிந்திக்குத் தாவினார்கள், திரும்பி வந்தார்கள். என் கணவர் தொடையில் தட்டிச் சிரித்ததை வெகுநாளுக்குப் பிறகு பார்த்தேன்.

அது பல ஞாயிறுகளுக்கு வழக்கமானது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் என் சொந்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற விருந்தாளிபோல ஆகிவிட்டேன். ஒரு ஞாயிறு தீதி போனபின் கோப்பைகளைச் சத்தமாகக் கழுவினேன்.

"என்னகா, என்ன கோபம்?" என்று இவர் கேட்டார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லித்தந்தீங்களா இத்தன வருஷத்தில?"

அவர் மேசையில் மிச்சமிருந்த கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு, "கலியாணத்தண்டு நானும் அண்ணனும் கதைக்கிறதக் கேட்டு உங்கட மாமா ஆக்கள் சிரிச்சவங்க. 'தகர டப்பா உருளுற மாதிரி இரிக்கு' எண்டாங்க. உனக்கும் விருப்பமிரிக்காது எண்டு நினைச்சன்" என்றார்.

எனக்கு அது தெரியாது. அன்றைக்கு நான் உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்திருப்பேன். ஒரு சிரிப்பை இவ்வளவு காலம் தூக்கிச் சுமந்திருக்கிறார், என்னிடம் சொல்லாமலே. ஈரக்கையோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கு விருப்பமோ எண்டு என்னைத்தானே கேட்டிரிக்கணும்?"

"இப்ப கேக்கிறன்."

"ஓம். சொல்லித்தாங்க."

அன்றிலிருந்து தீதி வரும்போது நானும் நடுவில் இருப்பேன். என் வாயில் அந்தச் சொற்கள் தமிழாகவே விழும். இருவரும் ஆளுக்கொரு மாதிரித் திருத்துவார்கள். ஒருமுறை மூவரும் பஸ்ஸில் மஸ்கட் போனோம். துறைமுகத்தின் இரண்டு பக்கமும் அதே போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைகள். "இஞ்ச கல்ல மட்டும்தான் விட்டுட்டுப் போயிரிக்காங்க" என்றார் இவர்.

போன கோடையில் தீதி வேலையை விட்டு ஊருக்கே திரும்பினார். மகளுக்குக் கல்யாணம். டாக்ஸி கீழே வந்து நின்றது. நான் இரவெல்லாம் அந்தப் பாஷையில் சேர்த்துவைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வருவோம். தீதி கண்ணைத் துடைத்துக்கொண்டே, வினைச்சொல் அப்படி வராது என்று திருத்தினார். எங்கள் ஊரில் அப்படித்தான் வரும் என்று இவர் மறித்தார். நடுத்தெருவில் இருவரும் வாதாட, பாகிஸ்தானி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யல்லா பாய், ஃப்ளைட் இருக்கு" என்றார். தீதி சிரித்தபடியே என்னைக் கட்டிக்கொண்டு ஏறினார்.

படியேறும்போது இவர் தமிழில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, மற்றப் பாஷையில் என்னிடம் கேட்டார். அரைவாசி விளங்கியது. இராச் சாப்பாட்டுக்கு என்ன என்கிறார் போல.

"அரோஸ்" என்றேன், சோற்றை நினைத்துக்கொண்டு.

"ம்" என்றார். "கறி?"

அதற்கு எனக்கு இன்னும் சொல் தெரியவில்லை. மிச்சப் படிகளில் சொல்லித்தந்தார்.