எந்த ஹோம்?

என் மகளை நான் அநாதை இல்லத்தில் விட்டுவிட்டதாக இரும்புலியூரில் ஒரு மாதம் பேச்சு ஓடியது. காரணம், நான் கற்றுக்கொண்டு வந்த ஓர் ஆங்கில வார்த்தை.

அந்த வார்த்தை வண்டலூரில் கிடைத்தது. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். இரண்டு பையன்கள். வார நாளிலும் வீட்டிலேயே இருந்தார்கள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று முதல் வாரம் முழுக்க மிளகு ரசமாக வைத்தேன். இரண்டாவது வாரமும் அப்படியே இருக்கவே, கேட்டேவிட்டேன்.

"ஸ்கூலுக்கு அனுப்பலக்கா. ஹோம் ஸ்கூலிங். நானே சொல்லித் தரேன்" என்றார் அந்த வீட்டம்மா. "நாங்க இருந்த ஊர்ல நிறைய பேர் இப்படித்தான். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா போதும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"இங்க கேக்கலியா?"

"சொந்தக்காரங்கதான் கேக்கறாங்க. கல்யாணத்துக்குப் போனா சாப்பிட விட மாட்டேங்கறாங்க."

ஆனால் லிஃப்டில் அந்தப் பையன்களைப் பார்க்கிறவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஃபாரின் முறையாம்" என்று காவலாளிகூடச் சொன்னார். பள்ளி செல்லாத குழந்தைகளைக் கணக்கெடுக்க வருகிறவர்களை அந்தக் கேட்டுக்குள் அவர் விட்டு நான் பார்த்ததில்லை.

நான் படப்பையில் ஒன்பதாம் வகுப்பு பாதி வரை படித்தவள். அதன்பின் ஏற்றுமதித் துணிக் கம்பெனி, ஒரகடம் பக்கம் கேன்டீன், காட்டாங்குளத்தூரில் மாணவர் விடுதிச் சமையல் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் ஒரு வருடம் தாண்டினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மகளுக்கு இரண்டு வயதில் அவள் அப்பா பிரிந்து போனார். பிறகு நான் போன இடமெல்லாம் அவளும் வந்தாள். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஐந்து பள்ளிகள். அக்பரை மூன்று பள்ளிகளில் படித்தாள். பின்னத்தை ஒன்றில்கூடப் படிக்கவில்லை. அவள் போய்ச் சேரும்போது அந்தப் பாடத்தை எப்போதும் முடித்திருப்பார்கள்.

வண்டலூர் வேலைக்காக இரும்புலியூரில் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தபோது அவள் சொன்னாள்: "இன்னொரு ஸ்கூல்ல போய்ப் புதுசா நிக்க மாட்டேம்மா. நானே படிச்சிக்கறேன்."

ஏழாவது மாடியில் நடப்பது ஒற்றை அறையில் நடக்கக் கூடாதா என்று எனக்கும் தோன்றியது. சரி என்றேன்.

மே மாதத்தில் ஒரு காலை, கணக்கெடுப்புத் தாளோடு ஓர் அரசுப் பள்ளி டீச்சர் வாசலில் நின்றார். மகள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். எனக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம்.

"பொண்ணு எந்த ஸ்கூல்?"

"ஸ்கூல் இல்ல மிஸ். ஹோம் ஸ்கூலு" என்றேன், கதவைப் பூட்டிக்கொண்டே. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஓ... ஹோமா?" டீச்சரின் முகம் மாறியது. என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "கவலப்படாதீங்க. அங்க நல்லா பாத்துக்குவாங்க."

பாராட்டுகிறார் என்று நினைத்து ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

நம் ஊரில் ஹோம் என்றால் வீடு இல்லை. வீடு இல்லாத பிள்ளைகளைச் சேர்க்கிற இடம்தான் ஹோம். இது எனக்குத் தெரியாததல்ல. ஏழாவது மாடியில் கேட்ட சந்தோஷத்தில் மறந்துவிட்டது. பக்கத்துப் போர்ஷன் அக்கா மறக்கவில்லை. மறுநாள் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, பொண்ண ஹோம்ல வுட்டுட்டியாமே? அப்போ தெனம் உன்கூட சுத்திகினு கீதே, அது யாரு?"

இரண்டு வாரம் கழித்து, குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். கதவைத் திறந்தது மகள், கையில் கணக்குப் புத்தகத்தோடு.

"எந்த ஹோம்மா நீ? பதிவு பண்ண ஹோமா?" என்று கேட்டார் அந்த ஆள்.

"இதான் சார் ஹோம்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு அடுப்பு, ஒரு கட்டில், கொடியில் துணி. "மொத்தம் எத்தன பசங்க?"

"நான் ஒருத்திதான் சார்."

"வார்டன்?"

மகள் திரும்பி என்னைக் காட்டினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கூட வந்த பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஆள் சிரிக்கவில்லை. டீச்சருக்கு போன் போட்டார். அரை மணி நேரத்தில் டீச்சர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். தாளை விரித்துக் காட்டினார். பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் எழுத வரிசையாகக் கட்டங்கள்: வேலைக்குப் போகிறாள், உடல்நலக் குறைவு, இடம்பெயர்வு, இப்படி.

"வீட்டில படிக்கறாள்னு எழுத இதுல கட்டமே இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும்? இவளுக்கு இன்னும் பதினாலு முடியல, அதுவரைக்கும் ஸ்கூல் கட்டாயம். ஒன்பதாவதுல சேத்து விட்டுடுங்க."

"வண்டலூர்ல ஒரு வூட்ல ரெண்டு பசங்க போவாமத்தானே கீறாங்க? அவங்கள யாரும் கேக்கலியே மிஸ்?"

"கேக்கலன்னா அவங்க செய்யறது சரின்னு ஆயிடுமா? எனக்கு என் ஏரியாதான் தெரியும். என் லிஸ்ட்ல இருக்கறது உங்க பொண்ணு."

அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "மிஸ், இந்த வருஷமே பத்தாவது தனித்தேர்வரா எழுதறேன். பாஸானா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவீங்களா?"

பள்ளிக்குப் போகாமல் நேரடியாகப் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களைத் தனித்தேர்வர் என்பார்கள். பத்து மாதத்தில் இரண்டு வகுப்புப் பாடம். டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபெயிலானா?"

"ஒன்பதாவதுல வந்து உக்காந்துக்கறேன்."

"நானே வந்து கையப் புடிச்சி இழுத்துட்டுப் போவேன், பாத்துக்கோ." வந்த இருவரிடமும் தனியாக ஏதோ பேசினார். 'ஹோம்' என்று எழுதியதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'தனித்தேர்வுக்குத் தயாராகிறாள்' என்று எழுதிக்கொண்டார்.

நான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொன்னால் பொய். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பதாம் வகுப்பு பாதியோடு நின்றுவிட்டது. காலையில் அவளும் என்னோடு மின்சார ரயிலில் வருவாள். தாம்பரத்தில் பெண்கள் பெட்டியில் ஏறினால் வண்டலூருக்குள் ஒரு கணக்கு முடிக்க வேண்டும். என் வேலை வீட்டுக்கு வராத நாட்களில் செங்கல்பட்டு வரை தனியாகப் போய்த் திரும்புவாள். காட்டாங்குளத்தூர் கல்லூரிப் பெண்கள் அந்தப் பெட்டியில் ஏறுவார்கள். தெரியாததை அவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்பாள். பின்னம் புரிந்தது பெருங்களத்தூர் சிக்னலில் ரயில் நின்ற ஒரு நாளில்தான்.

ஆனால் தனித்தேர்வருக்கும் ஓர் இடத்தில் பள்ளிக்கூடம் உண்டு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு ஒதுக்கின பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் போக வேண்டும். வருகைப் பதிவு குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. அவளுக்கு ஒதுக்கியது அதே டீச்சரின் பள்ளி. பயிற்சி வகுப்பும் அவர் பொறுப்பு.

"வாம்மா, ஹோம்" என்றுதான் முதல் நாள் கூப்பிட்டாராம்.

அக்டோபரில் எனக்கு வண்டலூர் வேலை போனது. படப்பையில் ஒரு மெஸ்ஸில் வேலை கிடைத்ததால் வீட்டையும் முடிச்சூரைத் தாண்டி மாற்றினேன். அவளுக்கு டைஃபாய்டு வந்து மூன்று சனிக்கிழமை போயிற்று. இனி ஒரு நாள் தப்பினாலும் தேர்வு இல்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர் சாலையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பேருந்து இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து, "இன்னாமா, நீஞ்சிகினு போறீங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். லீவு என்று அறிவிப்பும் வரவில்லை. செய்முறை நோட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாலையின் நடுக்கோட்டைக் காலால் தடவித் தடவிப் போனோம். இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

பள்ளி வாசலில் டீச்சரின் ஸ்கூட்டர் மட்டும் நின்றது. ஆய்வகத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. மகளைக் கண்டதும் எழுந்தவர், பதிவேட்டைத் திறந்தார். முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். காலி பெஞ்சுகளைப் பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் காத்திருந்தார். பதினோராவது என் மகள் பெயர்.

"உள்ளேன் மிஸ்."

குரல் வராந்தா வரை கேட்டது. ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு நான் வெளியே நின்றிருந்தேன்.

"பாத்தீங்களாம்மா?" என்றார் டீச்சர் என்னைப் பார்த்து. "ஸ்கூலே வேணாம்னு சொன்ன பொண்ணு. இன்னிக்கு ஸ்கூலுக்கு வந்தது இவ ஒருத்திதான்."

அன்று இருவரும் அமிலமும் காரமும் சோதித்தார்கள். லிட்மஸ் தாள் சிவப்பானதைக் கொண்டுவந்து என்னிடமும் காட்டினாள்.

முடிவு வந்த நாள் மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டு நேரம். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு போனைப் பார்த்தேன். ஐந்து பாடமும் தேர்ச்சி. கணக்கில்தான் அதிக மதிப்பெண். சாப்பிட உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்காமலே அப்பளம் வைத்தேன். முதலாளி முறைத்தார். காரணம் தெரிந்ததும் அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். "லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன்னு சொல்லுங்க வார்டனம்மா" என்றார். நான் சொல்வதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே வண்டலூர் வீட்டம்மாவும் கூப்பிட்டார். மூத்த பையனுக்கும் பத்தாவது எழுதுகிற வயதாகிவிட்டது. யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "அக்கா, அந்த ப்ராக்டிகலுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்? நீங்க எப்படிப் பண்ணீங்க?" அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன். வருகைப் பதிவு முக்கியம் என்று இரண்டு முறை சொன்னேன்.

பதினொன்றாம் வகுப்புக்கு எங்கே என்று மகளைக் கேட்டேன். அந்த ஆய்வகம் உள்ள பள்ளி என்றாள். சேர்க்கை அறையில், விண்ணப்பத்தைப் புரட்டிய எழுத்தர் ஒரு கட்டத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"பத்தாவது படிச்ச ஸ்கூல்ங்கற எடத்துல ஒன்னுமே எழுதலியே. எங்கம்மா படிச்ச?"

"ஹோம்ல சார்."

"எந்த ஹோம்?"

பின்னால் கோப்போடு நின்றிருந்த டீச்சர் சத்தமாகச் சிரித்துவிட்டார். எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தக் கட்டத்தில் மகளே 'தனித்தேர்வர்' என்று எழுதினாள். அவள் கையெழுத்து பெரிது. கட்டம் பத்தவில்லை.

அடுத்த வாரம் வீடு மாற்றினோம். பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில்.