மூன்றாவது விசில்

எழுபதுகளின் கடைசியில் நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். மதுரையில் பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும்.

எங்கள் டிரைவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மந்தமாகிவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, நான் விசிலையே அப்படி ஊதிப் பிழைத்தவன். நிறுத்த வேண்டுமென்றால் நீளமாக ஒன்று ஊதி, பக்கத்துத் தகரத்திலும் ஓங்கி அறைவேன். அந்த அதிர்வில் நிறுத்திவிடுவார். வெளியே சொன்னால் அவருடைய வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு எனக்கு.

அன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு முடிந்து பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்திருந்த ஒருவன், எந்த மாடு யார் வயிற்றைக் கிழித்தது என்று டிரைவரிடம் கதை அளந்துகொண்டே வந்தான். அவரும் பாதி முகத்தை அவன் பக்கம் திருப்பியிருந்தார்.

வண்டி நகர்ந்த பிறகு ஒரு பெண் பின்படியிலிருந்து இறங்கினாள். சேலை படியில் மாட்டிக் கீழே விழுந்தாள். வண்டி அவளை இழுத்துக்கொண்டு போனது. ஊதினேன். நிற்கவில்லை. கூட்ட நெரிசலில் தகரத்தைத் தட்டக் கை எட்டவில்லை. பதறிப்போய் மறுபடி ஊதினேன், மறுபடியும் ஊதினேன்.

முதல் விசில் அவர் காதில் ஏறவே இல்லை. பின்னால் ஊதிய இரண்டு மட்டும் ஏறின. ஆக்சிலேட்டரை மிதித்தார். பின்சக்கரம் அவள் காலில் ஏறி இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

அலறலைக் கேட்டு ஊரே திரண்டது. டிரைவரைக் கீழே இழுத்துப்போட்டு மிதித்தார்கள். ஒருவன் செருப்பால் வாயிலேயே அடித்தான். பல் தெறித்தது. ரத்தம் வழிய அவர் என்னைத்தான் தேடினார்.

"மாப்ள, நீ ரெண்டு ஊதுனீல்ல? சொல்லு மாப்ள."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. கையிலிருந்த விசிலைச் சட்டைப்பைக்குள் திணித்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

"ஒண்ணுதாண்ணே ஊதுனேன்" என்றேன்.

அவருக்கு அது கேட்கவில்லை. என் உதடு அசைந்ததை மட்டும் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. கூட்டத்தைப் பார்த்து, "கேட்டுக்கங்கய்யா" என்றார்.

அடுத்த அடி அவர் காதில் விழுந்தது.