அன்புராசாவுக்குப் போர்த்திய பொன்னாடை

பொன்னாடை போர்த்தும்போது ஒரு மனிதர் ஏன் பிடிபட்ட திருடனைப்போல நடுங்க வேண்டும்? 1995ஆம் ஆண்டு ஆனி மாதம், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் அன்புராசா அப்படித்தான் நடுங்கினார். சபை எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் நின்று நானும் தட்டினேன். கேள்வி மனதில் எழுந்தது, பதில் தெரியவில்லை. பிறகு அவரிடமிருந்தும் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களிடமிருந்தும் கேட்டறிந்த கதை இது.

அன்புராசா யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், தகப்பனும் சகோதரர்களும் வலைத்தொழில். எண்பத்தைந்தில் மனைவி வேரோனிக்காவையும் இன்னும் நடக்கத் தொடங்காத மகள் ஜெசிகாவையும் கொழும்பில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினார். கிழக்குப் பேர்லினில் இறங்கி, மேற்குப் பக்கம் தாண்டி, ஜேர்மனியில் அகதி என்று பதிந்தார். அவரை ஒரு சின்ன நகரத்தின் ஓரத்தில், பழைய கட்டடம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். சாப்பாடு பெட்டியில் வரும். படுக்கக் கட்டில் உண்டு. ஆனால் வேலை செய்யக்கூடாது, அந்த மாவட்டத்தைத் தாண்டிப் போகவும் கூடாது. மற்றவர்கள் சீட்டாடினார்கள். வலை இழுத்துப் பழகிய அன்புராசாவின் கைகள் சும்மா இருக்க மறுத்தன. ஒரே கோப்பையை நாலு தரம் கழுவுவாராம்.

நகரத்துக்கு வெளியே பேர்ச் மரக்காடு ஒன்று இருந்தது. அதற்குள் நாஜிகள் நடத்திய முகாம் ஒன்றின் மிச்சம் கிடந்தது. யூதர்களை அடைத்துவைத்து, வேலை வாங்கியே கொன்ற இடம். மரக்கொட்டில்களை எரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அத்திவாரக் கற்கள் மட்டும் வரிவரியாக மண்ணில் கிடந்தன. சனிக்கிழமைகளில் ஊர் ஆட்கள் சிலர் சம்பளம் இல்லாமல் வந்து அந்தக் கற்களைத் துப்புரவாக்குவார்கள். கோடையில் இரண்டு வாரம் கைவைக்காமல் விட்டால் போதும், புல் மூடி, அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல் ஆகிவிடும்.

உலாவப் போன அன்புராசா ஒருநாள் வேலியடியில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கையை நீட்டினார். அவர்களின் பொறுப்பாளரான ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, பெயர்கூடக் கேட்காமல் அந்தக் கையில் ஒரு சுரண்டியை வைத்தார். பாசி சுரண்டுவது சம்பள வேலை இல்லை. ஆகவே சட்டம் அதைத் தடுக்கவில்லை. மூன்று வருடம் அவர் போனார். அங்கேதான் ஜேர்மன் மொழியும் படித்தார்.

குருநகரில் கார்த்திகை மாதத்தில் ஆத்துமாக்கள் திருநாள் வரும். அதற்கு முன் எல்லோரும் சேமக்காலைக்குப் போய்ப் புல் பிடுங்கிக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்று மாலை கல்லறைக்குக் கல்லறை மெழுகுதிரி எரியும். உறவில்லாத கல்லறை என்று ஒன்றையும் இருட்டில் விடமாட்டார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்தவர், முதல் வருடமே கைச்செலவுக்குக் கொடுத்த காசில் மெழுகுதிரி வாங்கி, முகாமின் அத்திவாரங்கள் ஒவ்வொன்றின் முனையிலும் ஏற்றிவைத்தார். செத்தவர்கள் யூதர்கள், அவர்களின் முறை வேறு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆசிரியை வந்து பார்த்துத் திகைத்துப்போனார்.

"இது சரியோ பிழையோ என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அணைக்க மாட்டேன்" என்றார்.

கூட வந்த ஓர் இளைஞன் படம் எடுத்தான். குந்தியிருக்கும் கறுத்த மனிதர், கையில் தீக்குச்சி, முகத்தில் வெளிச்சம்.

எண்பத்தெட்டில் அன்புராசாவின் வழக்கை ஜேர்மனி நிராகரித்தது. திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு முகவரைப் பிடித்து, யாரோ ஒருவரின் கடவுச்சீட்டில் ரொறன்ரோ வந்து இறங்கினார். இங்கே அவருக்குக் கிடைத்த முதல் துணை சிவபாதம். வந்திறங்கிய ஆட்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுப்பதிலும் மொழிபெயர்ப்பதிலும் அவருக்கு நல்ல பெயர். கோப்பிக் கடையில் வைத்து அன்புராசாவின் கதை முழுவதையும் கேட்டார், முகாம் கதை உட்பட. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஜேர்மனியில இருந்தனான் எண்டு சொன்னீரோ, அங்கயே போம் எண்டுவாங்கள். நீர் கொழும்பில ஏறினனீர், சிங்கப்பூரில மாறினனீர், இஞ்ச இறங்கினனீர். டிரெக்ட். விளங்குதே?"

"மூண்டு வருசம் அண்ணை. அதை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?"

"கடலுக்க போடும். உமக்குத் தெரியாத கடலே?"

அன்று எத்தனையோ பேர் சொன்ன பொய்தான் அது. ஊரில் உயிருக்கு ஆபத்து என்பது மெய், வந்த பாதைதான் பொய். அன்புராசா அந்தப் பொய்யைச் சொன்னார், ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகு ஜேர்மனி என்ற சொல்லை அவர் வாயால் எடுக்கவில்லை. ஒருமுறை பஸ்ஸில் ஜேர்மன்காரக் கிழவனும் கிழவியும் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று தெரியாமல் தங்கள் மொழியில் தடுமாறினார்களாம். பக்கத்து இருக்கையில் அன்புராசா யன்னலைப் பார்த்தபடி இருந்தார். அவர்கள் பிழையான இடத்தில் இறங்கிப் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்காபரோவில், மல்வேர்ன் பகுதியில், ஒரு நிலக்கீழ் அறையில் நிசாந்தன் என்ற ஊர்ப் பெடியனோடு குடியிருந்தார். மிசிசாகாவில் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை, போகவர மூன்று பஸ். ஆசையென்று அவருக்கு ஒன்றுதான் இருந்தது: வேரோனிக்காவும் ஜெசிகாவும் வந்து சேர வேண்டும். தொண்ணூற்றைந்து சித்திரையில் ஸ்பொன்சர் அலுவல் முடிகிற கட்டத்துக்கு வந்தது. கொழும்பில் தாய்க்கும் மகளுக்கும் மெடிக்கல் முடிந்தது. விசா வருவதுதான் பாக்கி.

"அண்ணி வந்தா என்ர கட்டில் வெளியாலதான், என்ன?" என்று நிசாந்தன் பகிடி விட்டான்.

"கட்டில் வெளியால, நீ அதுக்கும் வெளியால" என்றார் அன்புராசா. அந்த நாட்களில் அவர் சிரித்ததை நிசாந்தன் இன்றைக்கும் சொல்லுவான்.

அந்த வைகாசியில், இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐம்பது வருடம் என்று நோர்த் யோர்க்கில் யூத அமைப்பொன்று கண்காட்சி வைத்தது. முகாம்களின் நினைவிடங்களை இன்று யார் பராமரிக்கிறார்கள் என்பதைக் காட்டும் படங்கள். தமிழர் சங்கத்தின் சார்பில் சிவபாதம் போயிருந்தார். அவருக்குப் பள்ளிக்கூடச் சபைத் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருந்தது. அழைத்த இடத்துக்கெல்லாம் போவார். அங்கே சுவரில் அன்புராசா குந்தியிருந்தார், கையில் தீக்குச்சியோடு. கீழே பெயர் இல்லை. "இலங்கை அகதி ஒருவர்" என்று மட்டும் எழுதியிருந்தது.

மறுநாளே மல்வேர்னுக்கு வந்தார் சிவபாதம்.

"அன்புராசா, உம்மைச் சுவரில கண்டனான்! சனம் நிண்டு நிண்டு பாக்குது. சங்கத்து விழாவுக்கு அந்த யூத ஆக்களையும் கூப்பிட்டிருக்கிறன். நீர் மேடையில ஏறினீர் எண்டா எங்கட இனத்துக்கே ஒரு மரியாதை."

அன்புராசா எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"அண்ணை, நீங்கள்தானே அந்தச் சொல்லே வரப்படாது எண்டனீங்கள்."

"அது அப்ப."

"இப்பதான் ஆபத்துக் கூட. வேரோனியின்ர விசா வாற நேரம். நான் ஜேர்மனியில இருந்தது தெரிஞ்சா எல்லாம் போச்சு. உங்கட பிள்ளையளை நினைச்சு இதை விடுங்கோ."

சிவபாதம் யோசித்தார். பிறகு அன்புராசாவின் தோளில் கைபோட்டார்.

"சரி. வாயைத் திறக்கமாட்டன். பிள்ளையாராணைச் சத்தியம். ஆனா விழாவுக்கு வாரும், சும்மா வந்து சாப்பிட்டிட்டுப் போம்."

அவர் போனபின் நிசாந்தன் கேட்டான். "உந்தாளை நம்புறியளே?"

"என்ர கேஸை எழுதினதே அவர்தானடா. அவரை நம்பாட்டி ஆரை நம்புறது?"

விழாவில் நடனம் முடிந்தது, பேச்சுகள் முடிந்தன. முன்வரிசையில் யூத அமைப்பிலிருந்து வந்த விருந்தினர்கள் இருந்தார்கள், ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரரும் இருந்தார். சிவபாதம் ஒலிவாங்கியைப் பிடித்தார். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், அந்தப் படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். பின்னால் திரையில் படம் விழுந்தது. ஊரின் பெயர், முகாமின் பெயர், வருடங்கள், எல்லாம் சொன்னார். எல்லாம் கோப்பிக் கடையில் அன்புராசா அவரிடம் சொன்னவை.

"அந்த மனிதர் வேறு யாருமல்ல. இதோ, எங்கள் நடுவே இருக்கிறார்!"

நிசாந்தன் அன்புராசாவின் கையைப் பிடித்து இழுத்தானாம். "அண்ணை, எழும்புங்கோ, போவம்." எழும்பினார், ஆனால் எழும்பியதையே மேடைக்கு வரத்தான் என்று எடுத்துக்கொண்டு சங்கத்து ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றிவிட்டார்கள். சிவபாதம் பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். கமரா மின்னியது. போர்த்தும்போது அன்புராசா அவரின் காதுக்குள் ஏதோ சொன்னார். என்னவென்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"'என்ர பிள்ளை, அண்ணை' எண்டனான். வேற ஒண்டும் வரேல்லை."

அதோடு முடியவில்லை. விருந்தினரில் மிசிஸ் கிளைன் என்ற மூதாட்டி மெல்ல மேடையேறினார். சிறுமியாக அந்த முகாமில் இருந்து உயிரோடு வந்தவர். அன்புராசாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஜேர்மனில் கேட்டார்: "கிணறு இன்னும் இருக்கிறதா?"

விளங்காததுபோல் நிற்கலாம். படம் தெளிவில்லாதது, ஆள் மாறிவிட்டது என்று பிறகு சொல்லித் தப்பலாம். அன்புராசா அந்த முகத்தைப் பார்த்தார். ஜேர்மனிலேயே பதில் சொன்னார். "இருக்கிறது அம்மா. மூடி போட்டிருக்கிறார்கள். மூடியில் பாசி பிடிக்கும், நான்தான் சுரண்டுவேன்."

மூதாட்டி அவரின் கைகளைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சபை எழுந்து நின்றது. அந்தக் கைதட்டலில்தான் அவர் நடுங்கிக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை பத்திரிகையில் பெயரோடு படம் வந்தது. அதை வெட்டிக் குடிவரவு அலுவலகத்துக்கு யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. அனுப்பத் தேவையும் இல்லை, அவர்களும் பத்திரிகை வாசிப்பவர்கள்தானே. கொழும்பில் விசா நின்றது. அன்புராசாவை விசாரணைக்கு அழைத்தார்கள். பொய் சொல்லச் சொன்னது இன்னார், பயத்தில் கேட்டு நடந்தேன் என்று நிரூபித்தால் கொஞ்சம் இரக்கம் கிடைக்கலாம் என்றார் வழக்கறிஞர். அன்புராசா சிவபாதத்துக்கு ரெலிபோன் எடுத்தார்.

"நீர் ஏன் ஜேர்மன் கதைச்சனீர்? நான் படத்தைப் பற்றித்தானே சொன்னனான்" என்றார் சிவபாதம்.

"சத்தியம் பண்ணினனீங்கள் அண்ணை."

"நல்ல விசயத்துக்குத்தானே ஐசே செய்தனான். உம்மைப் பெரியாளாக்கினது பிழையே?"

"சரி, அது கிடக்கட்டும். டிரெக்ட் எண்டு சொல்லச் சொன்னது நீங்கள் எண்டு ஒருக்கா வந்து சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"வாறன், வாறன்" என்றார்.

வந்தார். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதிகாரி கேட்டார். சிவபாதம் அன்புராசாவின் பக்கம் திரும்பாமலே ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: இவர் என்னிடம் நேராக வந்ததாகத்தான் சொன்னார், சொன்னதை எழுதினேன், ஜேர்மனியில் இருந்தது அந்தப் படத்தைக் கண்டபிறகுதான் எனக்கே தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அன்புராசா காத்திருந்தார். அதற்கு முன்பே அவருக்கு விளங்கியிருந்தது. மேடையில் செய்தது ஆசையில் செய்தது என்று அதுவரை மனதைத் தேற்றி வைத்திருந்தாராம். இது ஆசையல்ல. ஒருவரைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, கரையில் நின்று உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்வது.

உம்முடைய பதில் என்ன என்று அதிகாரி கேட்டார்.

"நான் ஜேர்மனியில இருந்தனான். மூண்டு வருசம் அந்த இடத்தைத் துப்புரவாக்கினனான். பொய் சொன்னது என்ர வாய்தான்" என்றார் அன்புராசா.

சிவபாதத்தைப் பற்றி ஏன் வாதாடவில்லை என்று நிசாந்தன் வாசலில் கத்தினான். அன்புராசா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அன்றிரவு கொழும்புக்குக் கதைத்தார். வேரோனிக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "எந்த நன்மையைச் செய்தனீங்களோ, அதிலயே பிடிச்சுக் குடுத்திட்டாங்கள்" என்றாள். பிறகு ஜெசிகா ரெலிபோனை வாங்கி, "அப்பா, அப்ப என்ர பள்ளிக்கூட பாக்கைத் திருப்பி எடுத்து அடுக்கட்டே?" என்று கேட்டாள். புறப்படுவதற்காகக் கட்டி வைத்திருந்த பொருட்களில் அந்தப் பையும் ஒன்று.

இப்போது தொண்ணூற்றெட்டு. அன்புராசாவைத் திருப்பி அனுப்பவில்லை, இருக்கவிட்டிருக்கிறார்கள். குடும்பத்தைக் கூப்பிடும் உரிமை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. சிவபாதம் தேர்தலில் வென்றார். மல்வேர்னிலும் அஜக்ஸிலும், கலியாண வீடுகளிலும் கடை வாசல்களிலும், அவர் பரப்பிய கதைதான் ஓடுகிறது: அன்புராசா கள்ளமாக வந்தவர், புகழுக்கு ஆசைப்பட்டுத் தானாக மேடையேறி மாட்டிக்கொண்டவர், உதவி செய்த மனிதரையும் விசாரணைக்கு இழுத்தவர்.

இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் கதையை எங்கேயாவது கேட்டால் பேசாமல் எழும்பிப் போய்விடாதீர்கள். அவர் தானாக மேடையேறவில்லை என்று சொல்லுங்கள். சத்தியம் வாங்கிய பிறகுதான் அங்கே போனார் என்று சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் இன்னொருவருக்குக் கொடுங்கள், வாசிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். கொழும்பில் ஒரு பெண்பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறாள். தன் தகப்பனைப் பற்றி அவள் காதில் முதலில் விழுவது இந்தக் கதையாக இருக்கட்டும்.